கடற்கரையிலிருந்து பைசுஅள்ளி வரை வந்த பல்கலைக்கழகம்... தெரியுமா?

செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள். ஊருக்கே தெரியும். தருமபுரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகத்துக்கும் அன்றுதான் பிறந்தநாள், தெரியுமா? 1997 செப்டம்பர் 17-ல் சேலத்தில் உதயமானது பெரியார் பல்கலைக்கழகம். 2022-ல் அதற்கு 25 வயது நிறைந்தது!

அதற்கு முன்னால்? கேளுங்கள்! தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். தருமபுரி அரசு கலைக் கல்லூரி வந்ததும் அதே 1965-ல்தான். ஆனால் அடுத்த 32 ஆண்டுகளும் அங்கே படித்தவர்களுக்குப் பட்டம் எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு அப்பால், மெரினா ஓரத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து! கடலையே பார்த்திராத எத்தனை பிள்ளைகளின் சான்றிதழில் அந்தக் கடற்கரை முத்திரை!

இன்னொரு பொருத்தம். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857 செப்டம்பர் 5. அதற்கு 140 வயது நிறைந்து சரியாகப் பன்னிரண்டே நாளில் பெரியார் பல்கலைக்கழகம்! இந்த இடைவெளியை யாரும் கணக்குப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் கூடுதல் வியப்பு.

பள்ளிக்கூடத்தில் சில ஆண்டுகள் மட்டுமே இருந்தவர் பெரியார். அவர் பெயரில் பல்கலைக்கழகம்! சரி, ஈரோட்டுக்காரருக்கும் சேலத்துக்கும் என்ன தொடர்பு? 1944-ல் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தானே! இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் பிறந்த ஈரோட்டுக் கலைக் கல்லூரிகள் இருப்பதோ பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ்!

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்கள் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லை. பல்கலைக்கழகம் பிறந்தபோது கிருஷ்ணகிரி என்றொரு மாவட்டமே கிடையாது! தருமபுரியிலிருந்து அது பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். நாமக்கல் மட்டும் என்ன, அதே 1997-ன் புத்தாண்டு நாளில் பிறந்த கைக்குழந்தை!

தருமபுரியில் பஸ் ஏறி, தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூரைத் தாண்டினால் கருப்பூர். நெடுஞ்சாலையிலேயே வளாகம்! சேலம் டவுனுக்குள் போகவே வேண்டாம். அந்தத் தூரமும் வேண்டாம் என்பவர்களுக்குத் தருமபுரிப் பக்கம் பைசுஅள்ளியிலேயே பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு மையம் இருக்கிறது, தெரியுமா?

என்னைக் கேட்டால் இந்த மையம்தான் எல்லாவற்றிலும் பெரிய சேதி. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். மாநிலச் சராசரியோ 80-ஐத் தொட்டிருந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவின் மகள் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். விடுதிச் செலவு இல்லை. 'அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புவது' என்ற பேச்சும் இல்லை!

முப்பதாம் ஆண்டு நிறைவு 2027 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. விழாப் பந்தலை இந்த முறை பைசுஅள்ளியில் போட்டால்தான் என்ன?