அழிந்த நாடாவும் எஞ்சிய நினைவும்: அமெரிக்கத் தொலைக்காட்சிச் சீட்டாட்ட நிகழ்ச்சிகள் குறித்த நினைவேக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சீட்டாட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான போட்டி நிகழ்ச்சிகள் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூரப்படுகின்றன. ‘கேம்பிட்’, ‘கார்டு ஷார்க்ஸ்’ ஆகிய இரண்டையும் ஒப்பிடும் இக்கட்டுரை, இந்நினைவேக்கம் உருவாவதில் ஒளிப்பதிவு நாடாக்களின் பாதுகாப்பு பெறும் இடத்தை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், போட்டி நிகழ்ச்சி, சீட்டாட்டம், மறுஒளிபரப்பு, ஆவணக் காப்பு

முன்னுரை

நினைவேக்கம் முதலில் ஒரு நோயாகவே கருதப்பட்டது. 1688இல் பேசல் பல்கலைக்கழகத்திற்கு அளித்த மருத்துவ ஆய்வேட்டில் யோஹான்னஸ் ஹோஃபர், ‘வீடு திரும்பல்’, ‘வலி’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, தாயகம் பிரிந்தோரின் துயரைக் குறிக்க ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை ஆக்கினார். 2001இல் சுவெட்லானா பாய்ம் இவ்வுணர்வை இரண்டாகப் பகுத்தார். இழந்ததை முன்பிருந்தவாறே மீட்டமைக்க முனைவது ஒன்று. இழப்பை ஏற்று, அதனை எண்ணிப்பார்ப்பது மற்றொன்று. இப்பகுப்பு தொலைக்காட்சி நினைவுகளை ஆராயவும் துணைசெய்கிறது.

இரு நிகழ்ச்சிகள்

‘கேம்பிட்’ 1972 செப்டம்பரில் சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கி 1976 டிசம்பர் வரை ஒளிபரப்பானது. தொகுப்பாளர் விங்க் மார்ட்டிண்டேல். கூட்டுத்தொகை 21ஐக் கடவாமல் சீட்டுகளைச் சேர்க்கும் ஆட்டத்தை மணமான இணையர் இருவர் எதிரெதிரே நின்று ஆடினர். வினாவுக்குச் சரியான விடை கூறியவர் அடுத்த சீட்டைத் தாமே ஏற்கலாம்; எதிரணியிடமும் தள்ளிவிடலாம்.

‘கார்டு ஷார்க்ஸ்’ 1978 ஏப்ரலில் என்.பி.சி. அலைவரிசையில் ஜிம் பெர்ரி தொகுத்தளிக்கத் தொடங்கி 1981 அக்டோபர் வரை நடந்தது. குறிப்பிட்ட ஒரு வினாவுக்கு நூறு பேரில் எத்தனை பேர் ‘ஆம்’ என்றிருப்பர் என ஒருவர் மதிப்பிடுவார். உண்மை எண் அதைவிடக் கூடுதலா, குறைவா என மற்றவர் கூறுவார். வென்றவர் ஐந்து சீட்டுகள் கொண்ட வரிசையில் அடுத்த சீட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா எனக் கணித்தபடி முன்னேறுவார்.

ஆட்டமும் பார்வையாளரும்

இவ்வாட்டத்தின் ஈர்ப்பை எளிய கணக்கொன்று காட்டும். திறந்த சீட்டு எட்டு எனில், கட்டில் எஞ்சும் 51 சீட்டுகளில் உயர்ந்தவை 24, தாழ்ந்தவை 24, சமமானவை 3. சமமான சீட்டு வந்தாலும் கணிப்புத் தவறியதாகவே கொள்ளப்பட்டதால், எப்பக்கம் கூறினும் தோற்கும் வாய்ப்பே சற்று மிகுதி. திறந்த சீட்டு இராஜாவாயின் தாழ்ந்தவை 44; ‘தாழ்ந்தது’ என்பதே தெளிவான விடை. அவ்விடத்தில் ஏஸ் வந்து விழும்போது அரங்கு அதிர்கிறது. பார்வையாளருக்குச் சிறப்பறிவு எதுவும் தேவையில்லை. ஆடுபவருக்குத் தெரிந்த அளவே வீட்டிலிருப்பவருக்கும் தெரியும். இருவரும் ஒரே நொடியில் கணிக்கின்றனர். 1980இல் புரூஸ் ஃபோர்சைத் தொகுத்தளிக்கத் தொடங்கிய பிரித்தானிய வடிவமான ‘ப்ளே யுவர் கார்ட்ஸ் ரைட்’ நிகழ்ச்சியில், அரங்கினர் உரக்கக் கூவி இக்கணிப்பில் பங்கேற்றமை நிகழ்ச்சியின் அடையாளமாகவே ஆயிற்று.

மீட்டமைத்தலின் எல்லை

‘கார்டு ஷார்க்ஸ்’ 1986 முதல் 1989 வரை சி.பி.எஸ். அலைவரிசையிலும், பின்னர் 2001இலும், 2019இல் ஏ.பி.சி. அலைவரிசையிலும் புத்துருப் பெற்றது. 2001ஆம் ஆண்டு வடிவம் நூறு பேர் கருத்துக்கணிப்பைக் கைவிட்டது, அது நீடிக்கவில்லை. 2019ஆம் ஆண்டு வடிவம் பழைய விதிகளைப் பெரிதும் மீட்டது. எனினும் வார நாள்தோறும் பகற்பொழுதில் அரைமணி நேரம் வந்த நிகழ்ச்சி, வாரம் ஒருமுறை இரவில் ஒருமணி நேரம் வருவதாயிற்று. வென்றவர் தொடர்ந்து ஆட மீண்டும் வரும் வழக்கமும் இல்லாதொழிந்தது. விதிகளை மீட்டமைக்க இயன்றது. அன்றாட வாழ்வின் பகுதியாய் அமைந்த பகற்பொழுதை மீட்டமைக்க இயலவில்லை.

நாடாவின் பங்கு

மறுஒளிபரப்பு இவ்வாறு மாற்றியமைக்க முனைவதில்லை. 1994இல் தொடங்கிய கேம் ஷோ நெட்வொர்க், 2015இல் தொடங்கிய பஸ்ஸர் போன்ற அலைவரிசைகள் பழைய பதிவுகளையே வழங்குகின்றன. நூறு பேரிடம் அன்று கேட்கப்பட்ட வினாக்கள், இன்று அக்காலச் சமூக மனநிலைக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன. ஆயினும் பதிவு எஞ்சியிருந்தால்தான் மறுஒளிபரப்பு இயலும். 1970களில் ஒளிப்பதிவு நாடாக்கள் விலை மிக்கவை. ஒருமுறை பதிந்ததை அழித்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். ‘கேம்பிட்’ நிகழ்ச்சியின் பெரும்பகுதி அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. ‘கார்டு ஷார்க்ஸ்’ பதிவுகள் எஞ்சின.

‘கேம்பிட்’ நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ‘கார்டு ஷார்க்ஸ்’ முதல் வடிவம் ஓடியதோ மூன்றரை ஆண்டுகள். முன்னது அக்காலப் பார்வையாளரிடம் பின்னதைவிடச் செல்வாக்குக் குன்றியிருந்தது என இக்கால அளவைக் கொண்டு கூறவியலாது. பின்னது 1986இல் மீண்டும் வந்து புதிய தலைமுறையை அடைந்தமையும் கருதத்தக்கதே. ஆயினும், அதனைப் பாராதோரும் இன்று பார்த்து ஏங்க வழிசெய்தவை எஞ்சிய நாடாக்களே.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, சீட்டாட்ட நிகழ்ச்சிகள் மீதான ஏக்கத்தில் விதிகளைவிட அவை பார்க்கப்பட்ட அன்றாடச் சூழலே மேலோங்குகிறது. மற்றொன்று, இன்றைய நினைவேக்கத்தை அன்றைய செல்வாக்கிற்கு நேரடிச் சான்றாகக் கொள்ளலாகாது. எது விரும்பப்பட்டது என வினவுமுன், எது காக்கப்பட்டது என வினவுதல் தொலைக்காட்சி வரலாற்றாய்வாளரின் முதற்கடமையாகும்.