அம்மாவிடம் சொல்லாததை அங்கே சொன்னான்!



நான் ஒகேனக்கல்லில் வசிப்பவள். என் வீட்டுக்காரர் பரிசல் ஓட்டுகிறார். எங்களுக்கு 13 வயதில் ஒரு மகன், 9 வயதில் ஒரு மகள். மகன் விஷயத்தில் நான் செய்த தவறை வேறு எந்தத் தாயும் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நன்றாகப் படித்து, ஓடியாடிக் கொண்டிருந்த பையன், திடீரென்று பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், "வயிறு வலிக்குதும்மா" என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தான். ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். தங்கையைக் காரணமில்லாமல் அடிப்பான். அப்பா துடுப்பை எடுத்தால் போதும், வாசல் வரை பின்னாலேயே போய் நிற்பான்.

பென்னாகரத்தில் டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்" என்று நானே இரண்டு அடி வைத்தேன். என் மாமியார், "ஆத்தங்கரையில எதையோ பார்த்து பயந்துட்டான்" என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்.

மூன்று மாதம் இப்படியே போனது. கடைசியில் அவனுடைய வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். தள்ளிப் போடாதீர்கள்" என்றார். வீட்டில் சொன்னதும் இவர், "என் புள்ள என்ன பைத்தியமா?" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, நானும் மகனும் பஸ் ஏறினோம்.

அங்கே ஆலோசகர் அம்மா முதலில் சொன்னது, "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா" என்பதுதான். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளை வெளியே அனுப்பிவிட்டு என் பிள்ளையிடம் என்ன கேட்கப் போகிறார்கள்? முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கூப்பிட்டு, "உங்க மகன் சம்மதிச்சதாலதான் இதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். சில மாதங்களுக்கு முன், ஆற்றில் குளிக்க இறங்கிய ஒரு வெளியூர்ப் பையன் மூழ்கி விட்டான். உடலைத் தேடிப் போன பரிசல்களில் இவருடையதும் ஒன்று. கரைக்குக் கொண்டு வந்தபோது என் மகன் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து, காலையில் பள்ளிக்குப் போனால் மாலையில் அப்பா இருக்க மாட்டார் என்ற பயம். மாமியார் சொன்னதில் பாதி உண்மைதான்!

"என்கிட்ட ஏண்டா சொல்லலை?" என்று கேட்டேன். "நீ அழுவே. அப்பாவை வேலைக்குப் போக வேணாம்னு சொல்வே. வீட்ல சண்டை வரும். அப்புறம் சோத்துக்கு என்னம்மா பண்றது?" என்றான். நடிக்கிறான் என்று அடித்தேனே, அந்தப் பிள்ளை எங்களுக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு தடவை போனோம். மாத்திரை எதுவும் தரவில்லை. பயம் வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தார். பார்த்ததைப் படமாக வரையச் சொன்னார். ஒரு தடவை இவரையும் அழைத்து, மகனிடம் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார். லைஃப் ஜாக்கெட் எப்படிக் கட்டுவது, கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து வரத்து அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடும் என்பதை எல்லாம் இவர் விளக்கினார். இப்போது காலையில் அப்பாவின் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மகன் பள்ளிக்குப் போகிறான். எப்போதாவது ராத்திரியில் எழுகிறான். ஆனால், என்னை எழுப்பிச் சொல்கிறான்.

பெரியவர்களுக்கு வரும் மனநோய்களில் பாதி, 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே தூக்கம் கெடுவது, காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, எரிச்சல், நண்பர்களை ஒதுக்குவது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அடிக்காமல் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். "செத்துப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்காக 2014ல் மத்திய அரசு தனித் திட்டம் தொடங்கி, அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை தருகிறது. பஸ் செலவுக்கு யோசிப்பவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் வந்த இந்தச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழகத்தில் 104லும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால் 1098.

ஆலோசகர் வெளியே உட்காரச் சொன்னால், என்னைப் போல் கோபப்படாதீர்கள் சகோதரிகளே. நம் கண்ணீருக்குப் பயந்து பிள்ளைகள் மறைப்பதை இறக்கி வைக்க, வேறொரு மடி வேண்டியிருக்கிறது. அதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒகேனக்கல்.