பஞ்சக் கூலியும் கஞ்சித் தொட்டியும்

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) செங்கற்பட்டு ஜில்லா அடைந்த துயரம் பெரிது. துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், முட்டுக்காடு வழியே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயைக் கூவத்தோடு இணைக்கும் ஐந்து மைல் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாகவே 1877–78இல் வெட்டப்பட்டது.

செலவைக் குறைக்கக் கருதி, 1877 ஜனவரியில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் ஆண் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமாகச் சுருக்கினார். மண் சுமப்பவன் உடல் அதைக் கொண்டு நிற்காதென்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். மே மாதம் கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் உணவு குன்றி மெலிந்தவன் கூடை தூக்க இயலாதவனாகிறான். பிறகு அவனும், அவனை நம்பிய மனைவி மக்களும் கஞ்சித் தொட்டியையே நாடவேண்டும். கூலிக் கணக்கில் மிஞ்சிய காசு கஞ்சிக் கணக்கில் செலவாகும், வேலையோ நடவாது.

1877 செப்டம்பரில் மாகாணத்தில் உதவி பெற்ற ஏறக்குறைய 26 லக்ஷம் பேரில் வேலையில் இருந்தோர் சுமார் 6 லக்ஷமே. எஞ்சியோர் இலவச உணவு உண்டவர்கள். இதனைச் சோம்பல் என்று சொன்னவர்களும் உண்டு. அது பொருந்தாக் கூற்று.

1880ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷன் திடகாத்திரருக்கு வேலையும், உடலைக் காக்கத்தக்க கூலியும், இயலாதவர்க்குச் சொந்தக் கிராமத்திலேயே தர்ம உதவியும் வேண்டுமென்றது. நிலவரியை ஒத்திவைக்கவும் தள்ளவும் கூறிற்று. இயலாதவர் யாரென்று முதலில் குறித்தனுப்பும் பொறுப்பு மணியக்காரர், கர்ணம் ஆகியோரைச் சார்ந்தது. அப்பட்டியலில் ஒரு கிழவியின் பெயர் விடுபட்டால், அவளைப் போஷிக்கும் மகன் தன் ஒரு ராத்தலை இருவருக்காகப் பங்கிட நேர்ந்தது.