தொலைவிலிருந்து இயங்கும் கணிப்பொறி

வளையமாதேவியில் உள்ள கணிப்பொறியைச் சென்னையில் இருப்பவர் இயக்க முடியும் என்றால் வியப்பாக இல்லையா? இது மாயமும் அன்று, மந்திரமும் அன்று.

நம் திரையில் தெரிவது படமாக மாற்றப்பட்டு, இணையத்தின் வழியே அவருக்குச் செல்கிறது. முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பினால் தாமதமாகும் அல்லவா? ஆகவே மாறிய பகுதி மட்டுமே போகும். கோலத்தில் ஓர் இழை பிசகினால் அந்த இடத்தை மட்டும் அழித்துப் போடுகிறோமே, அது போலத்தான். அவர் விசைப்பலகையைத் தட்டுவதும் சுட்டியை நகர்த்துவதும் செய்திகளாக இங்கு வந்து சேரும். நம் கணிப்பொறி அவற்றை நம் கை செய்தது போலவே ஏற்றுக்கொள்ளும்.

‘வி.என்.சி.’ என்னும் இத்தகைய முறை 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவானது. நம் தமிழகத்து ஸோஹோ நிறுவனமும் ‘ஸோஹோ அசிஸ்ட்’ என்ற மென்பொருளைத் தருகிறது. பழுது பார்ப்பவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. (கிராமத்திலிருந்து பள்ளிக்கு வருவோருக்கு இதன் அருமை புரியும்!)

ஆனால், தட்டியது நம் கையா, அயலார் கையா என்று இயந்திரத்திற்குத் தெரியாது. கைப்பேசியிலும் இதே கதைதான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, ‘எனிடெஸ்க்’ செயலி வழியாக நடக்கும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலியின் மீது குற்றமில்லை. வங்கி அதிகாரி போலப் பேசுவோர், அதைப் பதியச் செய்து, திரையில் தோன்றும் எண்ணைக் கேட்கிறார்கள். அதைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை அவர்களும் நம்முடன் சேர்ந்தே படிப்பார்கள். பெற்றோர்களே, அப்படிப் பணம் போய்விட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, 1930 என்ற எண்ணை அழையுங்கள்.