கொலம்பியா பனிவெளியில் மலையேற்றம்

கனடாவின் ராக்கி மலைத்தொடரில், ஆல்பெர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களின் எல்லையில் பரந்து கிடக்கிறது கொலம்பியா பனிவெளி. அதன் பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் பனிக்கட்டியின் தடிமன் 300 மீட்டரைத் தாண்டும். ஆண்டுதோறும் பெய்யும் பனி முழுவதும் கோடையில் உருகித் தீராமல், அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே நாலாபுறமும் வழிகிறது. அப்படி வழியும் கிளைகளே அத்தபாஸ்கா, சஸ்காச்சுவான் முதலிய பனியாறுகள். பனிவெளியின் விளிம்பிலுள்ள ஸ்னோ டோம் சிகரத்தில் விழும் பனி உருகி, மேற்கே பசிபிக், வடக்கே ஆர்க்டிக், கிழக்கே ஹட்சன் விரிகுடா என மூன்று திசைக் கடல்களுக்கும் போய்ச் சேருகிறது.

1898இல்தான் இந்தப் பனிவெளி வெளியுலகுக்குத் தெரியவந்தது. பிரிட்டிஷ் வேதியியலாளர் நார்மன் காலியும் அவர் நண்பர் ஹெர்மன் வூலியும் அத்தபாஸ்கா சிகரத்தில் ஏறி, மறுபக்கம் பார்த்தபோது அடிவானம்வரை பனி விரிந்து கிடந்தது. குழுவின் மூன்றாமவரான ஹியூ ஸ்டட்ஃபீல்ட் அன்று மலையேறவில்லை. உணவு தீர்ந்துவந்ததால் காட்டு ஆடு வேட்டைக்குப் போயிருந்தார். 1902இல் ஜேம்ஸ் அவுட்ரம், கிறிஸ்டியன் காஃப்மன் என்ற சுவிஸ் வழிகாட்டியுடன் 3,747 மீட்டர் உயரமுள்ள கொலம்பியா சிகரத்தை முதன்முதலில் எட்டினார். ஆல்பெர்ட்டா மாகாணத்தின் மிக உயர்ந்த இடம் அது. இன்றும் இங்கு வரும் குழுக்களில் பலவற்றின் இலக்கு அதுவே.

பெரும்பாலான குழுக்கள் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் பனிச்சறுக்குப் பலகைகளுடன் வருகின்றன. குளிர்காலப் பனி அப்போது பனியாற்றுப் பிளவுகளின் மேல் தடிமனாக மூடியிருக்கும். பகல் பொழுதும் நீளும். ஜாஸ்பரையும் லேக் லூயிஸையும் இணைக்கும் நெடுஞ்சாலையிலிருந்து பயணம் தொடங்குகிறது. அத்தபாஸ்கா பனியாற்றின் வழி குறுகியது, ஆனால் செங்குத்தான பனிப்படிகளைக் கடக்க வேண்டும். ஒரு பகுதியில் ஸ்னோ டோமின் விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிப் பாளங்களுக்குக் கீழே போக வேண்டியிருக்கும். அவை எப்போது உடைந்து விழும் என்று சொல்ல முடியாது. அங்கே நின்று இளைப்பாறாமல் விரைந்து கடப்பதே பாதுகாப்பு. சஸ்காச்சுவான் பனியாற்றின் வழி நீளமானது, சாய்வு குறைந்தது.

முதல் நாள் மாலைக்குள் மேலே ஏறி முகாம் அமைக்கிறார்கள். மரமோ பாறையோ இல்லாத வெளியில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. ஆகவே இறுகிய பனியைக் கட்டிகளாக வெட்டி, கூடாரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். அதற்கு முன் ஒரு நீண்ட கம்பியால் தரையைக் குத்தி, கீழே பிளவு இல்லை என்று உறுதி செய்துகொள்வது கட்டாயம். குடிநீர் முழுவதும் பனியை உருக்கித்தான் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் தேவைப்படுவதால், காலையும் மாலையும் அடுப்பு மணிக்கணக்கில் எரிகிறது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். கழிவும் குப்பையும் பைகளில் கட்டப்பட்டுத் திரும்பக் கொண்டுவரப்படுகின்றன.

சிகரத்துக்குப் போகும் நாளில் விடியலுக்கு முன்பே புறப்பட வேண்டும். முகாமுக்கும் கொலம்பியா சிகரத்துக்கும் இடையே உள்ள பெரிய தாழ்வில் இறங்கி ஏறி, பின் கிழக்குச் சரிவில் ஏற வேண்டும். கிழக்கு முகம் என்பதால் காலை வெயில் முதலில் அங்கேதான் படும். வெயிலில் இளகும் பனி சரிந்துவிழக்கூடும். நேரம் தவறினால் திரும்பிவிடுவதே முறை.

பனிவெளியின் பெரும்பகுதி சமதளம் போலத் தோன்றும். ஆபத்து அந்தத் தோற்றத்துக்கு அடியில் இருக்கிறது. பனியாறு வளைந்தோ சரிந்தோ ஓடும் இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் பிளக்கிறது. புதுப்பனி அந்தப் பிளவுகளின் வாயை மெல்லிய பாலம்போல மூடிவிடுகிறது. எனவே குழுவினர் ஒரே கயிற்றில் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் பிணைந்து, கயிறு தொய்யாமல் நடக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் உடனே பனியில் விழுந்து ஊன்றி நிறுத்த வேண்டும். பிறகு பனிச்சறுக்குப் பலகையையோ ஐஸ் கோடரியையோ குறுக்காகப் புதைத்து, கயிற்றை அதில் கட்டி, கப்பிகளால் மேலே இழுக்க வேண்டும். இருவர் மட்டும் போனால், எஞ்சிய ஒருவரே இத்தனையும் செய்தாக வேண்டும். மூவரோ நால்வரோ சேர்ந்து போவது அதனால்தான்.

அடுத்த ஆபத்து வெண்மூட்டம். மேகம் இறங்கியதும் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, ஏற்றமா இறக்கமா என்பதே கண்ணுக்குப் புலப்படாது. ஜிபிஎஸ் கருவியில் முன்பே குறித்துவைத்த பாதைதான் வழிகாட்டும். அதுவும் பயன்படாத நேரங்களில் கூடாரத்துக்குள் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. திட்டமிட்ட நாட்களுக்கு மேல் கூடுதலாக உணவும் எரிபொருளும் எடுத்துப்போவது இதற்காகத்தான். அத்தகைய வானிலையில் ஹெலிகாப்டரும் வர முடியாது. செல்பேசிக்குத் தொடர்பு கிடைக்காததால் செயற்கைக்கோள் கருவி அவசியம்.

பழைய வழிகாட்டி நூல்களை மட்டும் நம்புவதும் தகாது. அத்தபாஸ்கா பனியாறு கடந்த 125 ஆண்டுகளில் 1.5 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பனி மெலிய மெலியப் பிளவுகளின் இடமும் ஏறும் வழியும் மாறுகின்றன. புறப்படுமுன் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையையும் அண்மையில் போய்வந்தவர்கள் சொல்லும் நிலவரத்தையும் கேட்டறிய வேண்டும்.

பிளவில் விழுந்தவரை வெளியே இழுக்கும் முறையைக் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் ஊரிலேயே பலமுறை பழகியிருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும், சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே பனிவெளிக்குப் போகலாம்.