சிங்க்கில் விழும் சூட்டுத் தடம்

சென்னை நகர மேம்பாட்டு அறக்கட்டளையும், 1961-இல் அதன் இடத்துக்கு வந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும் மனை பிரித்து உருவாக்கிய நந்தனம், சி.ஐ.டி. நகர்ப் பகுதிகளின் பழைய வீடுகளில் கடப்பாக் கல் பதித்த தொட்டிகளைக் காணலாம். இடித்துக் கட்டப்பட்ட அடுக்ககங்களில் எவர்சில்வர் சிங்க்கும், அண்மைக் காலமாகக் குவார்ட்ஸ் சிங்க்கும் இடம்பெறுகின்றன. சூடான வாணலி இம்மூன்றிலும் விட்டுச்செல்லும் தடம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்தாலும், ஒன்றுக்கு ஏற்ற மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

எவர்சில்வர் என்பது குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாகி, உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. வெப்பம் 300 டிகிரி செல்சியசை நெருங்கும்போது இப்படலம் தடிக்கத் தொடங்க, அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து மஞ்சளாகவும் நீலமாகவும் தோன்றுகிறது. இலேசான நிறமாற்றத்தை எலுமிச்சைச் சாறோ வினிகரோ நீக்கிவிடும். ஆனால் வீடுகளில் தீய்ந்த தடம் எனப்படுவது பெரும்பாலும் இதுவன்று; சூட்டில் இறுகிப் பிசினாகிப்போன எண்ணெய்தான் அது. புளிப்புக்கு அசையாத அந்தக் கறை, சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசிச் சற்று நேரம் ஊறவிட்டால் இளகும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரைக்கவிடும் பழக்கம் பார்வைக்கு வேடிக்கையானதே தவிர, இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கறைக்கு அதிகம் செய்வதில்லை.

தேய்ப்பதானால் உலோகத்தின் வரியோட்டத்தை ஒட்டியே மென்மையான நாரால் தேய்க்க வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி நார் உதிர்க்கும் துகள்கள் மேற்பரப்பில் தங்கித் துருப்பிடிக்கும். கழிப்பறை ஆசிட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் காப்புப் படலத்தையே அரிக்கும். அந்த ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும் என்பதால், அச்சேர்க்கையை எக்காரணத்தாலும் முயலக் கூடாது.

கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. எவர்சில்வரைத் துலக்கும் எலுமிச்சையும் புளியும் அதன் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து, கருமை போய் வெளிறிய திட்டுகளை உண்டாக்கும் என்பதால், அங்கே சோப்பு நீரும் தேங்காய் நாரும் போதும்.

கடைக்காரர்கள் கல் என்றே விற்கும் குவார்ட்ஸ் சிங்க்கோ, குவார்ட்ஸ் துகள்களை அக்ரிலிக் பிசினால் பிணைத்து வார்க்கப்படுவது. வெந்நீரைத் தாங்கும் இப்பிசின், அடுப்பிலிருந்து நேரே இறக்கிய, பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லைத் தாங்காமல் சிதையக்கூடும். மேலே ஒட்டிய கருக்கைச் சோடா எடுத்துவிடும் என்றாலும், பிசினே கருகிய இடத்தை எந்தப் பொடியும் மீட்பதில்லை. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் அது சற்று மங்கலாம். இத்தகைய சிங்க்கை விரும்பி வாங்கியவர்கள், பாத்திரத்தைப் பிரிமணையில் ஆறவைத்த பின்னரே அதில் இறக்க வேண்டியிருக்கும்.