இசைத் தொகுப்புகளின் எண்ணிமப் பாதுகாப்பில் இழப்புள்ள, இழப்பற்ற ஒலிக்கோப்பு வடிவங்கள்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம இசைத் தொகுப்பை உருவாக்குவோர், ஒலியை எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது என்னும் வினாவைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கின்றனர். கேட்பதற்குப் போதுமான வடிவம் பாதுகாப்பதற்கும் போதுமானதாகிவிடாது என்பதை, இருவகைச் சுருக்க முறைகளின் செயல்பாட்டைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணிம ஒலி, இழப்புள்ள சுருக்கம், இழப்பற்ற சுருக்கம், எம்பி3, ஃபிளாக், மூலக்கோப்பு.

முன்னுரை

குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவீடும் 16 பிட்டுகளில் பதியப்படுகிறது. இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. இக்கணக்கின்படி மூன்று மணிநேரக் கச்சேரி ஒன்றிற்கு ஏறத்தாழ 1.9 கிகாபைட்டு இடம் தேவை. அதையே நொடிக்கு 128 கிலோபிட்டு வீதத்தில் எம்பி3 கோப்பாக மாற்றினால் ஏறத்தாழ 173 மெகாபைட்டு போதும். பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும் இம்மாற்றத்தில் எது கைவிடப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல் முறையாகும்.

இழப்புள்ள சுருக்கம்

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் பெரும்பங்காற்றி உருவாக்கிய எம்பி3, 1993இல் வெளியான எம்பெக்-1 தரத்தின் ஒரு பகுதியாகும். உரத்த ஒலி ஒன்று எழும்போது, அதனை அடுத்த அலைவெண்ணில் உள்ள மெல்லொலி செவிக்குப் புலப்படுவதில்லை. ‘மறைப்பு’ எனப்படும் இவ்வியல்பே இம்முறையின் அடிப்படை. செவிக்கு எட்டாது எனக் கணிக்கப்படும் கூறுகள் நீக்கப்படுகின்றன அல்லது குறைந்த துல்லியத்துடன் பதியப்படுகின்றன. பிட்டு வீதம் மிகக் குறையும்போது இதன் விளைவு செவிக்கே புலனாகும். மிருதங்கத்தின் கூர்மையான சொற்கட்டுக்குச் சற்று முன்னரே மெல்லிய இரைச்சல் தோன்றுவது இதற்குச் சான்று. உயர்ந்த வீதங்களில் கேட்போர் பெரும்பாலோர்க்கு வேறுபாடு தெரிவதில்லை என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கதே.

இழப்பற்ற சுருக்கம்

ஃபிளாக் வடிவத்தின் முதல் முழுப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. முந்தைய அளவீடுகளைக் கொண்டு அடுத்த அளவீட்டை முன்கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் இது சுருக்கமாகப் பதிகிறது. விரிக்கும்போது மூல அளவீடுகள் ஒரு பிட்டும் மாறாமல் மீள்கின்றன. கோப்பின் அளவு இசையின் தன்மையைப் பொறுத்து மாறினும், பெரும்பாலும் மூலத்தில் பாதியளவினை ஒட்டி அமைகிறது. மூல ஒலித்தரவின் சரிபார்ப்பு எண்ணையும் கோப்பிலேயே பதிந்து வைக்க இயலுவதால், பிற்காலத்தில் நேரும் சிதைவையும் கண்டறியலாம்.

ஆய்வு நோக்கில் வேறுபாடு

பழைய 78 சுழற்சி இசைத்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பாடகரின் குரலோடு ஊசியின் உராய்வொலியும் கலந்திருக்கும். சுருக்கும் நிரல் இசை, இரைச்சல் என வேறுபடுத்துவதில்லை. உராய்வொலியால் மறைக்கப்பட்ட தம்பூராவின் மெல்லொலியைத் தேவையற்றதெனக் கருதி அது துல்லியம் குறைத்துவிடக்கூடும். பின்னாளில் இரைச்சலை நீக்கும் சிறந்த கருவி கிடைப்பினும், அவ்வொலி முழுமையாக மீளாது. இன்றைய செவிக்குக் கேளாதது நாளைய ஆய்வுக்கு வேண்டாததாகிவிடாது.

மேலும், எம்பி3 கோப்பைத் திருத்தி மீண்டும் அதே வடிவில் சுருக்கும்போது புதிய இழப்பு சேர்கிறது. எம்பி3 கோப்பை ஃபிளாக் வடிவிற்கு மாற்றினால் கோப்பு பெருக்குமேயன்றி இழந்த ஒலி திரும்பாது. உரைச்சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் படியெடுப்பதால் மூலவுரை கிடைத்துவிடாததைப் போன்றது இது. எனவே கோப்பின் பெயரை மட்டும் நம்பாது, அதன் தோற்றுவாயையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

பன்னாட்டு ஒலி, ஒளிக்காட்சி ஆவணக் காப்பகங்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், ஒப்புமை ஒலிப்பதிவுகளை எண்ணிமமாக்க நொடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளையும் 24 பிட்டு ஆழத்தையும் பரிந்துரைக்கிறது. பாதுகாப்புப் படியில் இழப்புள்ள சுருக்கத்தை ஏற்பதில்லை.

முடிவுரை

இழப்பற்ற வடிவிலிருந்து இழப்புள்ள படியை எப்போது வேண்டுமாயினும் உருவாக்கலாம், மறுதலை இயலாது. ஆகவே மூலக்கோப்பை இழப்பற்ற வடிவில் குறைந்தது ஈரிடங்களில் காத்து, கேட்பதற்கும் பகிர்வதற்கும் எம்பி3 படிகளைப் பயன்படுத்துவதே தகும். எம்பி3 வடிவில் மட்டுமே எஞ்சியுள்ள பதிவுகளை மறுபடி சுருக்காமல், உள்ளவாறே பேணுதல் வேண்டும்.